தனுசு ராசிக்குள் ஒளிந்திருந்த கேலக்ஸி

ஆகஸ்ட் மாதத்தில் மேகம் இல்லாத ஓர் இரவு கிடைத்தால், ஒன்பதரை மணி வாக்கில் தெற்கே பாருங்கள். தனுசு ராசி நன்றாக மேலேறி நிற்கும். அதன் பிரகாசமான எட்டு விண்மீன்களைக் கோடு போட்டு இணைத்து, ‘டீ கெட்டில்’ என்று வானம் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் அடையாளம் சொல்வார்கள். அந்த எட்டில்தான் நம்முடைய பூராடமும் உத்திராடமும் இருக்கின்றன. கெட்டிலின் கைப்பிடிப் பக்கம் உத்திராடம். அதற்குரிய விண்மீன்களில் கீழே இருப்பதன் பெயர் அசெல்லா. அசெல்லாவிலிருந்து மேற்கே, கொஞ்சம் தெற்காக, மூன்று முழுநிலவை வரிசையாக வைத்தால் வருகிற தூரத்துக்குச் சற்று அதிகமாகப் பைனாகுலரை நகர்த்தினால், கூர்மையில்லாத ஒரு மங்கல் புள்ளி தென்படும். அதன் பெயர் எம் 54.

அது ஒற்றை விண்மீன் இல்லை. லட்சக்கணக்கான விண்மீன்கள் பந்துபோல் நெருங்கிக் கிடக்கிற ஒரு கொத்து. இதே ராசியில், கெட்டிலின் மூடிக்கு அருகில், எம் 22 என்ற இன்னொரு கொத்து உண்டு. ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை எம் 22 பக்கம் திருப்பினால் அது தனித்தனி விண்மீன்களாகப் பிரிந்து தெரியும். அதே தொலைநோக்கியை எம் 54 பக்கம் திருப்பினால் எதுவும் பிரியாது, வெறும் வெளிச்சத் திட்டாகவே இருக்கும். காரணம் தூரம். எம் 22 நம்மிடமிருந்து சுமார் 10,000 ஒளியாண்டில் இருக்கிறது. எம் 54 இருப்பதோ ஏறத்தாழ 87,000 ஒளியாண்டுக்கு அப்பால். நம் பால்வீதியின் மையமே இங்கிருந்து 26,000 ஒளியாண்டுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், எம் 54 மையத்தையும் தாண்டி மறுபக்கம் வெகுதூரம் போய்விட்டது என்று புரியும்.

1778 ஜூலை 24 அன்று பாரிஸில் சார்ல் மெஸ்ஸியே இதைப் பார்த்துக் குறித்து வைத்தார். வால்மீன் தேடுகிறவர்கள் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக அவர் போட்டுவந்த பட்டியலில் இது 54-வது. அவர் பார்த்தது நம் பால்வீதியைச் சேர்ந்ததே இல்லை, இன்னொரு கேலக்ஸியின் நடுப்பகுதி என்பது தெரிய 1994 வரை ஆயிற்று. அந்தக் கேலக்ஸியின் பெயர் தனுசுக் குள்ள கேலக்ஸி. பால்வீதியைச் சுற்றி வருகிற ஒரு துணைக் கேலக்ஸி அது. சுற்றிக்கொண்டே கரைந்துகொண்டும் இருக்கிறது.

துணைக் கேலக்ஸி என்றால் என்ன? சூரியனைப் போன்ற பல ஆயிரம் கோடி விண்மீன்கள், வாயு, தூசி எல்லாம் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரே அமைப்பாக இருப்பதுதான் கேலக்ஸி. பால்வீதியில் குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை பரவிக் கிடக்கும் தட்டையான பகுதியைத் தட்டு என்பார்கள். அது ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு அகலம். இவ்வளவு பெரிய ஒன்றின் ஈர்ப்பு அதன் விளிம்போடு நின்றுவிடாது, வெகுதூரத்துக்கு எட்டும். அந்த எல்லைக்குள் சிக்கிய சிறிய கேலக்ஸிகள் பெரியதைச் சுற்ற ஆரம்பிக்கின்றன. அவைதான் துணைக் கேலக்ஸிகள்.

‘சிறிய’ என்பதில் ஏகப்பட்ட வித்தியாசம் உண்டு. துணைகளிலேயே அளவில் பெரியவை என்று சொல்லத்தக்கவை பெரிய மெகல்லானிய மேகமும் சிறிய மெகல்லானிய மேகமும். தென்கோளத்தில் இருப்பவர்களுக்கு இவை வெறும் கண்ணுக்கே, பால்வீதியிலிருந்து பிய்ந்த இரண்டு துண்டுகள் மாதிரி தெரியும். பெரிய மேகம் 1,60,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து பார்த்தால் ஜனவரி இரவுகளில் அது தெற்கே அடிவானத்துக்கு மேல் 12 பாகை அளவுக்கு எழும். கடல்மேல் படிந்த மூட்டமும் ஊர் வெளிச்சமும் பெரும்பாலும் அதை மறைத்துவிடும். மறுகோடியில் சில நூறு, சில ஆயிரம் விண்மீன்கள் மட்டுமே உள்ள கேலக்ஸிகளும் இருக்கின்றன. ஒரு சாதாரண விண்மீன் கொத்தில் அதைவிட அதிகம் இருக்கும். பிறகு ஏன் அவற்றைக் கேலக்ஸி என்கிறோம்? அதற்குப் பதில் கொஞ்சம் தள்ளி வரும்.

முதலில், பக்கத்திலேயே இருந்த ஒரு கேலக்ஸி 1994 வரை எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று பார்ப்போம். அது மிகச் சிறியது என்பதால் அல்ல. வானத்தில் அது பத்துப் பாகைக்கு மேல் நீண்டு கிடக்கிறது. இருபது முழுநிலவை வரிசையாக வைத்த நீளம்! சிக்கல் அது இருக்கும் திசைதான். தனுசு ராசிப் பக்கம் பார்ப்பதென்றால் பால்வீதியின் நடு வீக்கத்தை நேராகப் பார்ப்பது. கோடிக்கணக்கான விண்மீன்கள் நமக்கும் அதற்கும் நடுவே குவிந்திருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால், பல பாகை அகலத்துக்குப் பரவிப்போன மங்கல் விண்மீன்களை எந்தப் புகைப்படத்திலும் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது.

கண்டுபிடித்தவர்கள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரோட்ரிகோ இபாட்டா, ஜெரார்ட் கில்மோர், மைக் இர்வின் மூவரும். அவர்கள் தேடியது புதுக் கேலக்ஸியை அல்ல. பால்வீதியின் நடு வீக்கத்தில் உள்ள விண்மீன்கள் எப்படி நகர்கின்றன என்பதை அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதில் கறுப்புக் கோடுகள் தெரியும். விண்மீன் நம்மை விட்டு விலகினால் அந்தக் கோடுகள் சிவப்புப் பக்கமும், நெருங்கினால் நீலப் பக்கமும் நகரும். எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் வேகம் கிடைத்துவிடும். வீக்கத்து விண்மீன்களின் வேகங்கள் தாறுமாறாக இருந்தன. சில நம்மை நோக்கி வந்தன, சில விலகின. நொடிக்கு நூறு கிலோமீட்டர் இங்கும் அங்குமாகச் சிதறிய எண்கள். அவற்றுக்கு நடுவே ஒரு கூட்டம் மட்டும் நொடிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசமில்லாமல், விலகிப் போய்க்கொண்டிருந்தது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் எல்லோரும் அவரவர் போக்கில் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது, நடுவில் முப்பது பேர் ஒரே நடையில் ஒரே பக்கமாகப் போனால், முகம் தெரியாவிட்டாலும் அவர்கள் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிவிடலாம். அப்படித்தான் இந்தக் கேலக்ஸி பிடிபட்டது.

அந்த விண்மீன்களின் பிரகாசத்தையும் நிறத்தையும் வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டார்கள். பால்வீதியின் மையத்துக்கு அப்பால் என்று வந்தது. அதுவரை பெரிய மெகல்லானிய மேகம்தான் மிக அருகிலுள்ள கேலக்ஸி என்று நினைத்திருந்தார்கள். தனுசுக் குள்ளன் அதில் ஏறக்குறையப் பாதித் தூரத்தில் இருந்தது. எம் 54 அதன் விண்மீன்கள் மிக அடர்ந்த இடத்தில், அதே தூரத்தில், ஒத்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன் எம் 54-ஐப் பால்வீதியின் கொத்துகளில் ஒன்றாகத்தான் எல்லோரும் எண்ணி வந்தார்கள்.

நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரையிலேயே இன்னொன்றையும் சொல்லியிருந்தார்கள். இந்தக் கேலக்ஸி உருண்டையாக இல்லை, பால்வீதியின் தட்டை நோக்கி நீண்டிருக்கிறது, ஆகவே பால்வீதி அதைக் கிழித்துக்கொண்டிருக்கக்கூடும் என்று. கதையின் முக்கியமான பகுதி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஈர்ப்பு விசை தூரத்துக்கு ஏற்பக் குறையும். ஒரு குள்ள கேலக்ஸி பல ஆயிரம் ஒளியாண்டு அகலம் உள்ளது. அதில் பால்வீதியைப் பார்த்த பக்கத்திலுள்ள விண்மீன்கள் பலமாக இழுக்கப்படும். நடுவில் இருப்பவை அதைவிடக் குறைவாக. மறுபக்கத்தில் இருப்பவை இன்னும் குறைவாக. எல்லாவற்றையும் ஒரே அளவில் இழுத்திருந்தால் கேலக்ஸி மொத்தமாக நகர்ந்திருக்கும், வடிவம் மாறியிருக்காது. இழுவையில் வித்தியாசம் இருப்பதால் அது நீள்கிறது. இதற்கு ஓத விசை என்று பெயர். நிலவு பூமியின் இரண்டு பக்கங்களையும் வெவ்வேறு அளவில் இழுப்பதால்தான் நம் கடலில் ஓதம் ஏறி இறங்குகிறது. அங்கேயும் இதே விசைதான், அளவு மட்டும் வேறு.

குள்ள கேலக்ஸியின் சொந்த ஈர்ப்பு நடுவில் வலுவாகவும் ஓரத்தில் பலவீனமாகவும் இருக்கும். அதனால் ஓரத்து விண்மீன்கள்தான் முதலில் பிடி நழுவுகின்றன. நழுவியவை எங்கே போகும்? பால்வீதிக்குள் நேராக விழுந்துவிடும் என்று தோன்றலாம். அப்படி நடப்பதில்லை. கேலக்ஸியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்த வேகம் அவற்றிடம் அப்படியே இருக்கிறது, ஆகவே அவையும் கிட்டத்தட்ட அதே பாதையில் தொடர்ந்து சுற்றுகின்றன. இந்தக் ‘கிட்டத்தட்ட’ முக்கியம். பால்வீதியை நோக்கிய பக்கத்தில் நழுவியவற்றின் பாதை கொஞ்சம் சிறியது, ஒரு சுற்றைச் சீக்கிரம் முடித்துவிடும். அதனால் அவை தாய்க் கேலக்ஸியை முந்திக்கொண்டு போகும். மறுபக்கத்தில் நழுவியவற்றுக்குப் பாதை பெரியது, அவை பின்தங்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படியே போனால், கேலக்ஸிக்கு முன்னால் ஒரு நீண்ட வால், பின்னால் ஒரு நீண்ட வால் என்று இரண்டு ஓடைகள் உருவாகிவிடும்.

தனுசுக் குள்ளன் பால்வீதியை ஒருமுறை சுற்ற 100 கோடி ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிறது. நமது தட்டுக்கு ஏறக்குறையச் செங்குத்தாக, மேலும் கீழுமாகப் போகிற பாதை. பாதை வட்டமும் இல்லை, நன்றாக நீண்டது. மையத்துக்கு நெருங்கி வரும்போதெல்லாம் ஓத விசை கூடுகிறது, ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய பங்கு விண்மீன்கள் கழன்றுவிடுகின்றன. இப்போது அது அப்படி நெருங்கிவந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது, மையத்திலிருந்து சுமார் 50,000 முதல் 60,000 ஒளியாண்டு தூரத்தில்.

ஓடைகள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அவற்றைப் பார்த்தாக வேண்டுமே. 2003-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் மஜெவ்ஸ்கி குழுவினர் அதைச் செய்தார்கள். வானம் முழுவதையும் அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்த ஓர் ஆய்வின் தரவுகளை எடுத்துக்கொண்டு, எம் வகைச் செம்பெரு விண்மீன்களை, அதாவது முதுமையில் ஊதிப் பெருத்து, வெப்பம் குறைந்து சிவந்தவற்றை, மட்டும் சலித்து எடுத்தார்கள். ஏன் அவை? பால்வீதியின் தட்டுக்கு வெளியே இருக்கும் விண்மீன்கள் பெரும்பாலும் மிகப் பழையவை, இரும்பு போன்ற கனமான தனிமங்கள் குறைந்தவை. அங்கே எம் வகைச் செம்பெரு விண்மீன்கள் அரிது. தனுசுக் குள்ளனிலோ அவை தாராளம். ஆகவே தட்டுக்கு வெளியே அப்படி ஒன்று தென்பட்டால், அது தனுசுக் குள்ளனிலிருந்து கழன்றதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வரைபடத்தில் அவற்றைக் குறித்தபோது, வானத்தை முழுதாகச் சுற்றி வளைத்த ஒரு பட்டை தெரிந்தது. அந்த வகையில் பார்த்தால் தனுசுக் குள்ளன் தனுசு ராசியில் மட்டும் இல்லை. அதன் விண்மீன்கள் வடக்கு வானத்திலும் இருக்கின்றன, தெற்கு வானத்திலும் இருக்கின்றன. நாம் எந்த ஊரில் எந்த மாதம் நின்று அண்ணாந்து பார்த்தாலும் அவற்றில் சில தலைக்கு மேலே எங்கோ இருக்கும்.

இத்தனை முறை சுற்றியும் நடுப்பகுதி இன்னும் கலையாமல் இருப்பது எப்படி? கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் எடை மட்டும்தான் அதற்கு இருந்தது என்று வைத்துக் கணக்குப் போட்டால், இவ்வளவு காலம் தாங்கியதை விளக்குவது கடினம். இங்கேதான் கரும்பொருள் வருகிறது. ஒளியை வெளியிடாத, தடுக்காத, ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பைக் காட்டுகிற பொருள். குள்ள கேலக்ஸிகளில் அது இருப்பதை முதன்முதலில் சுட்டிக்காட்டிய அளவீடு எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் அதற்கு வேண்டியிருந்தது மூன்றே மூன்று விண்மீன்கள். அரிசோனாவைச் சேர்ந்த மார்க் ஆரன்சன் 1983-இல் டிராக்கோ என்ற குள்ள கேலக்ஸியில் மூன்று கார்பன் விண்மீன்களின் (மேற்பரப்பில் கார்பன் மிகுந்த விண்மீன்கள்) வேகத்தை மிகத் துல்லியமாக அளந்தார். அவ்வளவு சிறிய கேலக்ஸியில் விண்மீன்கள் மிக மெதுவாகத்தான் நகர வேண்டும். வேகமாக நகர்ந்தால் பிடித்து வைக்க ஈர்ப்பு போதாது, தப்பித்துப் போய்விடும். ஆனால் அந்த மூன்றின் வேகங்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் எதிர்பார்த்ததைவிட அதிகம். அப்படியும் கேலக்ஸி கலையவில்லை என்றால், விண்மீன்களின் எடையைப் போல் பல மடங்கு எடை அங்கே கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். மூன்று விண்மீன்களை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று தயங்கியவர்கள் உண்டு. பிற்பாடு டிராக்கோவில் நூற்றுக்கணக்கான விண்மீன்களை அளந்தபோதும் அதே முடிவுதான் வந்தது.

முன்பு தள்ளிவைத்த கேள்விக்கும் இதுவே பதில். சில நூறு விண்மீன்கள் உள்ள ஒன்றைக் கேலக்ஸி என்று சொல்வது அதன் விண்மீன் எண்ணிக்கையைப் பார்த்து அல்ல. விண்மீன்களைக் கரும்பொருள் பிடித்து வைத்திருந்தால், அல்லது பல தலைமுறை விண்மீன்கள் அங்கேயே பிறந்து மடிந்து அடுத்த தலைமுறைக்குக் கனமான தனிமங்களைக் கொடுத்திருந்தால், அது கேலக்ஸி. எம் 22 போன்ற சாதாரணக் கொத்துகளில் கரும்பொருளுக்கான அடையாளம் கிடையாது.

சரி, பெரியது சிறியதைக் கிழிக்கிறது. சிறியது பெரியதை ஒன்றும் செய்யாதா? செய்கிறது. 2013 டிசம்பரில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய கையா விண்கலம் நூறு கோடிக்கும் அதிகமான விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்தது. 2018-இல் வந்த அதன் தரவுகளை பார்சிலோனாவைச் சேர்ந்த தெரேசா அன்தோஹாவும் மற்றவர்களும் ஒரு புது விதத்தில் வரைந்து பார்த்தார்கள். சூரியனுக்கு அக்கம்பக்கத்து விண்மீன் ஒவ்வொன்றும் தட்டுக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பது ஓர் அச்சில். மேலும் கீழுமாக எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது இன்னோர் அச்சில். அமைதியான தட்டாக இருந்தால் எல்லாம் சீராகக் கலந்த ஒரு திட்டு வர வேண்டும். வந்ததோ நத்தை ஓடு போன்ற ஒரு சுருள். சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒன்று தட்டை உலுக்கியிருக்கிறது, அந்த அதிர்வு இன்னும் அடங்கவில்லை என்பது அதன் பொருள். தனுசுக் குள்ளன் தட்டுக்கு அருகே வந்துபோன காலமும் இதனோடு பொருந்துகிறது. அதனால் சந்தேகம் முதலில் அதன்மேல்தான் விழுந்தது.

2020-இல் தொமாஸ் ரூயிஸ்-லாரா குழுவினர் அதே கையா தரவுகளிலிருந்து இன்னொன்றைக் காட்டினார்கள். பால்வீதியில் விண்மீன்கள் பிறக்கும் வேகம் 570 கோடி, 190 கோடி, 100 கோடி ஆண்டுகளுக்கு முன் திடீர் திடீரென்று கூடியிருக்கிறது. தனுசுக் குள்ளன் நெருங்கி வந்ததாகக் கணக்கிடப்பட்ட காலங்கள் இவற்றோடு ஒத்துப்போகின்றன. அது கடந்து போகும்போது தட்டிலுள்ள வாயு கலங்கி, சில இடங்களில் அடர்ந்து, புதிய விண்மீன்கள் பிறக்கத் தூண்டியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு. அந்த முதல் எழுச்சியின் தொடர்ச்சியாகத்தான் நம் சூரியனும் பிறந்ததா என்று யோசிக்கத் தோன்றுகிறது. சொல்வதற்கு இழுக்கும் யோசனைதான், ஆனால் ஒரு தனி விண்மீனுக்கு அப்படிக் காரணம் நிரூபிப்பது வேறு விஷயம். அதை யோசனை என்ற அளவிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

தனுசுக் குள்ளன் இனி என்ன ஆகும்? அதன் விண்மீன்கள் மெல்ல மெல்ல ஓடைகளில் சேர்ந்து, ஓடைகளும் கலைந்து, பால்வீதியின் வெளிவட்டத்தில் கலந்துவிடும். அதனோடு வந்த டெர்சான் 7, டெர்சான் 8, ஆர்ப் 2 ஆகிய கொத்துகள் இப்போதும் அருகில் இருக்கின்றன. பாலோமர் 12 ஏற்கெனவே கழன்று ஓடையில் போய்விட்டது. எம் 54 மட்டும் நெருக்கமான கொத்து என்பதால் எளிதில் கிழியாது. கேலக்ஸி போன பிறகும் அது பால்வீதியின் கொத்துகளில் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்படி ஏற்கெனவே ஒன்று நடந்து முடிந்திருக்கிறது என்றே பலர் கருதுகிறார்கள். கோடைக்கால இரவுகளில் தமிழ்நாட்டிலிருந்து தெற்கே தாழ்வாகத் தெரியும் ஒமேகா சென்டாரி, சுமார் ஒரு கோடி விண்மீன்கள் உள்ள கொத்து. இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். கொத்து என்கிறோமே தவிர, அதில் வெவ்வேறு வயதும் வெவ்வேறு வேதியியலும் உள்ள விண்மீன்கள் கலந்திருக்கின்றன. அது பல தலைமுறை கண்ட கேலக்ஸிகளின் குணம். 2024-இல் ஹபிள் தொலைநோக்கியின் இருபது ஆண்டுப் படங்களை ஒப்பிட்டவர்கள், அதன் நடுவில் ஏழு விண்மீன்கள் வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதைக் கண்டார்கள். குறைந்தது 8,200 சூரியன்கள் எடையுள்ள ஒரு கருந்துளை அங்கே இருந்தால்தான் அந்த வேகத்தில் ஓடும் விண்மீன்களைப் பிடித்து வைக்க முடியும். கரைந்துபோன ஒரு குள்ள கேலக்ஸியின் எஞ்சிய மையம் ஒமேகா சென்டாரி என்ற கருத்துக்கு இது இன்னும் வலு சேர்த்தது.

இப்படி எத்தனை குள்ளன்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன? 1999-இல் இந்தக் கேள்வி ஒரு நெருக்கடியாகவே ஆகிவிட்டது. பால்வீதி அளவு கேலக்ஸியைக் கணினியில் உருவாக்கிப் பார்த்தவர்களுக்கு, அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் கரும்பொருள் திரட்டுகள் கிடைத்தன. வானத்தில் தெரிந்த துணைக் கேலக்ஸிகளோ பத்துப் பன்னிரண்டுதான். மிகச் சிறிய திரட்டுகளால் வாயுவைப் பிடித்து வைக்க முடியாததால் அவற்றில் விண்மீன்களே பிறக்கவில்லை என்பது பதிலின் ஒரு பாதி. இருப்பவையும் மிக மங்கலாக இருந்ததால் நம் கண்ணில் படவில்லை என்பது மறுபாதி. 2005-க்குப் பிறகு வந்த பெரிய வான ஆய்வுகள் அந்த மறுபாதியை நிரப்பத் தொடங்கி, எண்ணிக்கை இப்போது 60-ஐ ஒட்டி வந்திருக்கிறது. சிலி நாட்டு மலையுச்சியில் வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீட்டர் ஆடியும் 3,200 மெகாபிக்சல் கேமராவும் கொண்ட அந்தத் தொலைநோக்கி, பத்தாண்டுகளுக்குத் தென்வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும். ஒரே இடத்தின் படங்களை அடுக்கடுக்காகச் சேர்த்தால் இதுவரை தெரியாத மங்கல் விண்மீன்களும் தெரியவரும். அடுத்த குள்ள கேலக்ஸிகள் பல அந்தப் படங்களிலிருந்துதான் கிடைக்கப்போகின்றன.